தளை தட்டினால் தமிழ் சாகாது!

கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு சிற்றூர். ஊரின் பெயர் வேண்டாம்; அங்கேயுள்ள நம் படிப்பகத்தின் பெயரும் வேண்டாம். ஓடு மாற்ற வேண்டிய கூரை. சுவரிலே பெரியார் படமும் அண்ணா படமும். தோட்ட வேலைக்குப் போய் வந்தவரும், கடைவீதியில் மூட்டை இறக்கி வந்தவரும் ஒரே பெஞ்சில் அமர்ந்து நாளேடு படிக்கும் இடம். கடந்த பொங்கலன்று அங்கே கவிதைப் போட்டி நடந்தது. நடுவர்கள் மூவர். அந்த மூவரில் ஒருவனாக என்னையும் உட்கார வைத்துவிட்டார்கள். மேடையில் பேசத் தெரிந்தவனுக்கு, ஏட்டில் எழுதத் தெரிந்தவனுக்கு, கவிதையும் தெரிந்திருக்கும் என்று நம்பிவிட்டார்கள் தோழர்கள்!

பதினோரு பேர் படித்தார்கள். ஒன்பதாவதாக வந்தவர் ஒரு பெண். முப்பது வயது இருக்கும். விடிவதற்கு முன் ஜீப்பில் ஏறி, மெட்டுக் கடந்து, கேரளத்து ஏலத் தோட்டத்தில் நாளெல்லாம் காய் எடுத்து, இருட்டிய பிறகு வீடு திரும்புகின்ற ஆயிரக்கணக்கான பெண்களில் ஒருவர். பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த தாளைக் கையில் வைத்திருந்தார். பதினைந்து வரி இருக்கும். புறப்படும்போதும் பிள்ளை தூங்குகிறது, திரும்பும்போதும் பிள்ளை தூங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் தன் பிள்ளையின் விழித்த முகத்தைப் பார்க்கிற ஒருத்தியை அந்தப் பிள்ளை என்ன முறை சொல்லிக் கூப்பிடும் என்று கேட்டார். இதுதான் பொருள். எதுகை இல்லை, மோனை இல்லை. வெண்பா இல்லை, விருத்தம் இல்லை. அவர் படித்து முடித்தபோது படிப்பகத்தில் ஒருவரும் இருமக்கூட இல்லை.

நடுவர்களில் மூத்தவர், தமிழறிந்த பெரியவர், நான் மதிக்கிறவர், சொன்னார்: “தளை தட்டுகிறது என்று சொல்லலாமென்றால், அம்மா, தட்டுவதற்கு இதில் தளையே இல்லையே!”

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

பரிசு வேறொருவருக்குப் போயிற்று. பொங்கலைப் பற்றி நான்கு வெண்பா. கரும்பு இருந்தது, மஞ்சள் இருந்தது, பானை இருந்தது, பால் பொங்கிற்று. தளை தட்டவில்லை. எதுவுமே தட்டவில்லை, கேட்டவர் நெஞ்சைக்கூட!

கூட்டம் கலைந்தபின் அந்தப் பெண் என்னிடம் வந்தார். “அண்ணே, எங்கன தப்புன்னு சொன்னீகன்னா திருத்திக்கிருவேன்” என்றார். கோபமில்லை, குத்தலில்லை. உண்மையாகவே கேட்டார். நான் விழித்தேன். “அப்புறம் பேசுவோம் தங்கச்சி” என்றேன். தாளை நாலாக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டார். மறுநாள் விடியுமுன் அவருக்கு ஜீப்பு.

அந்த ‘அப்புறம்’ இன்றுதான் வந்திருக்கிறது, தோழர்களே. இந்தக் கட்டுரைதான் அது.

தளை என்றால் என்ன?

நான் பள்ளிப் படிப்போடு நின்றவன். ஆனாலும் பள்ளியில் சொல்லித் தந்தது மறக்கவில்லை. எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை ஆகிய ஆறும் சேர்ந்தால் செய்யுள். ஒரு சீரின் இறுதியும் அடுத்த சீரின் தொடக்கமும் எப்படி இணைய வேண்டும் என்று வகுத்திருக்கிற முறைக்குப் பெயர் தளை. தளை என்ற சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. விலங்கு! காலில் பூட்டுகிற விலங்கு!

இந்தத் தளைகளின் வழியேதான் வெண்பா வந்தது, ஆசிரியப்பா வந்தது, கலிப்பா வந்தது, வஞ்சிப்பா வந்தது. சங்கப் புலவர் பெரும்பாலும் ஆசிரியப்பாவில் பாடினர். அந்த ஒன்றே போதும் என்று இருந்துவிட்டார்களா தமிழர்கள்? இளங்கோ ஆய்ச்சியரையும் குறவரையும் பாட வைத்து அவர்கள் மெட்டுக்களைக் காப்பியத்தில் ஏற்றினார். கம்பன் விருத்தத்தில் வெள்ளமாகப் பாய்ந்தான். பாரதி சிந்து பாடினான், வசன கவிதையும் எழுதினான். தொல்காப்பியமே செய்யுளுக்கு எட்டு வனப்புக்களைச் சொல்லி, அவற்றில் ஒன்றுக்கு ‘விருந்து’ என்று பெயர் வைத்திருக்கிறது. புதிதாகப் படைக்கப்படுவதுதான் விருந்து. புதியவன் வீட்டுக்கு வந்தால் விருந்தாளி என்போம். புதியது செய்யுளுக்கு வந்தால் விருந்து என்றார் தொல்காப்பியர். நாமோ வாசலில் நின்ற விருந்தாளியைப் பார்த்து, “உன் சாதி என்ன, உன் யாப்பு என்ன?” என்று கேட்கிறோம்!

சின்னமனூர்க்காரர் ஒருவர்

யாப்பை உடைத்த அந்தக் கலகம் எங்கிருந்து வந்தது? பாரிசிலிருந்து வந்தது, இலண்டனிலிருந்து வந்தது என்பார்கள். வெளிநாட்டு வித்து இருந்தது உண்மை. அமெரிக்காவில் வால்ட் விட்மன் என்ற கவிஞர், தச்சர் ஒருவரின் மகன், அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்த தொழிலாளி, 1855-இல் ‘புல்லின் இதழ்கள்’ என்ற நூலை வெளியிட்டார். எதுகையையும் அளவெடுத்த சீரையும் தூக்கி எறிந்துவிட்டு, கொல்லனையும் படகோட்டியையும் பாடினார். பாரதி அவரைப் படித்தவர், அவரைப் பற்றி எழுதியவர்.

ஆனால் தமிழ்நாட்டில் அந்தக் கலகத்துக்கு ஓர் ஏடு கண்டு, அதை ஓர் இயக்கமாக்கிய மனிதர் யார் தெரியுமா? அவர் பெயரின் முதலெழுத்தைப் பாருங்கள். சி. சு. செல்லப்பா. ‘சி’ என்றால் சின்னமனூர்! நம் கம்பம் பள்ளத்தாக்குச் சின்னமனூர்தான். 1912-இல் பிறந்தவர், வத்தலக்குண்டில் வளர்ந்தவர். ஏறுதழுவுதலை வைத்து ‘வாடிவாசல்’ எழுதியவர்.

1934-இல் ‘மணிக்கொடி’ ஏட்டில் ந. பிச்சமூர்த்தி யாப்பில்லாத கவிதைகளை எழுதத் தொடங்கினார். கு. ப. ராஜகோபாலனும் எழுதினார். எதிர்ப்பு வந்தது; கலகம் ஓய்ந்தது போலத் தோன்றிற்று. கால் நூற்றாண்டு கழித்து, 1959 ஜனவரியில், சென்னையில் செல்லப்பா ‘எழுத்து’ என்ற ஏட்டைத் தொடங்கினார். பிச்சமூர்த்தி மறுபடி எழுதினார். சி. மணி, வைத்தீஸ்வரன், பசுவய்யா, ஈழத்துத் திருகோணமலையிலிருந்து வந்த தரும சிவராமு ஆகியோர் எழுதினார்கள். 1962-இல் 24 பேருடைய 63 கவிதைகளைத் தொகுத்துப் ‘புதுக்குரல்கள்’ என்று நூலாக்கினார் செல்லப்பா. 1970 வரை ‘எழுத்து’ நடந்தது.

எப்படி நடந்தது? பணமூட்டை முதலாளி பின்னால் நின்று நடத்தவில்லை. சொந்தப் பொருளை இழந்து, புத்தக மூட்டையைத் தோளில் சுமந்து, கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கி விற்றார் அந்த மனிதர். மூட்டை சுமப்பது என்ன என்று அறிந்தவர்கள் நீங்கள். புத்தகமும் கனக்கும் தோழர்களே!

செல்லப்பா காங்கிரஸ்காரர்; காந்தியவாதி; 1941-இல் சிறை சென்றவர். அரசியலில் அவருக்கும் நமக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அவரது ஏட்டில் நம் இயக்கத்துக்கு வாழ்த்துப்பாவும் கிடையாது. இருந்தால் என்ன? மாற்றான் தோட்டம் என்பதற்காக மல்லிகை மணக்காமல் போய்விடுமா?

நம்மவர் சாட்டிய குற்றங்கள்

அன்று நம் மேடைகளில் புதுக்கவிதைக்குக் கிடைத்தது எள்ளல்தான். “எழுதத் தெரியாதவன் எழுத்து” என்றோம். “உடைத்துப் போட்ட உரைநடை” என்றோம். மூன்று குற்றங்களைச் சாட்டினோம். அவற்றை இன்று நிதானமாக எடுத்துப் பார்ப்போம்.

முதல் குற்றம், அது உயர்சாதியார் சரக்கு, மேல்நாட்டுச் சரக்கு என்பது. ‘எழுத்து’க் கூட்டத்தில் பலர் அந்தச் சாதியினர் என்பது மெய். ஆனால் தோழர்களே, தமிழுக்கு அச்சு எந்திரம் கொண்டுவந்தவர் யார்? வெள்ளைக்காரப் பாதிரிமார்! வேதம் அச்சடிக்கக் கொண்டுவந்தார்கள். அந்த எந்திரத்தில்தானே ‘குடி அரசு’ அச்சாயிற்று? இரயில் பாதை போட்டவன் வெள்ளைக்காரன். அந்த இரயிலில்தானே மூட்டை முடிச்சோடு மாநாடுகளுக்குப் போனோம்? கருவி செய்தவனுக்கு மட்டும் சொந்தமல்ல. எடுத்துப் பயன்படுத்துகிறவனுக்கும் சொந்தம்.

இரண்டாம் குற்றம், அது விளங்காது என்பது. இதில் பாதி நியாயம் உண்டு. அந்தக் கவிதைகளில் சில, பூட்டிய அறைக்குள் ஒருவர் தமக்குத் தாமே பேசிக்கொண்டது போல இருந்தன. தனிமனிதத் துயரம் தவறில்லை. துயரப்படுகிறவன் தனிமனிதன்தானே! ஆனால் வெளியே மழையில் நிற்கிறவனுக்குக் கதவு திறக்கப்படவில்லை. ‘எழுத்து’ தன் சந்தாதாரர் வட்டத்தோடு நின்றது. பெரிய கூட்டம் வேண்டாம் என்பதையே கொள்கையாகக் கொண்டது. இதை நாம் குறை என்று சொன்னது சரி. அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி.

மூன்றாம் குற்றம், தமிழ் மரபு அழிந்துவிடும் என்பது. இதுதான் பெரிய குற்றச்சாட்டு. இதற்கு விடை செல்லப்பாவிடம் இல்லை. விடை நம்மிடமே, நம் பள்ளத்தாக்கிலேயே இருக்கிறது.

மொழிப் போரிலிருந்து வந்த கவிதை

போடிக்குப் பக்கத்தில் மீனாட்சிபுரம். அங்கே பிறந்தவர் நா. காமராசன். மதுரைத் தியாகராசர் கல்லூரியில் தமிழ் படித்தவர். 1965-இல் இந்தித் திணிப்பை எதிர்த்து மாணவர்கள் கிளர்ந்தெழுந்தபோது மதுரையில் முன்னணியில் நின்று சிறை சென்றவர். தமிழ் மரபு அழிய வேண்டும் என்று நினைப்பவனா தமிழுக்காகச் சிறை போவான்?

அந்தக் காமராசன் 1971-இல் ‘கருப்பு மலர்கள்’ வெளியிட்டார். மரபுக் கவிதையில் கை தேர்ந்தவர், புதுக்கவிதைக்கு வந்தார். யாரைப் பாடினார்? விலைமகளிரைப் பாடினார். ஊரே கைகொட்டிச் சிரித்த காலத்தில் திருநங்கையரைப் பாடினார். அரசர்க்கும் ஆண்டவர்க்கும் அளவெடுத்துத் தைத்த சட்டை அந்த உடம்புகளுக்குப் பொருந்தவில்லை. வேறு சட்டை தைத்தார். அவ்வளவுதான் செய்தி!

பெரியகுளத்தில் பிறந்தவர் மு. மேத்தா. 1971-இல் கோவையில் ‘வானம்பாடி’ பிறந்தது. புவியரசு, ஞானி, சிற்பி, தமிழ்நாடன் ஆகியோரோடு மேத்தாவும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். ‘எழுத்து’ சந்தா கட்டியவர்க்கு என்றால், ‘வானம்பாடி’ விலையில்லாக் கவிமடல்! பூட்டிய அறையின் கதவு படாரென்று திறந்தது. வறுமை வந்தது கவிதைக்குள். வேலையில்லாத் திண்டாட்டம் வந்தது. சாதிக் கொடுமை வந்தது. 1974-இல் மேத்தாவின் ‘கண்ணீர்ப் பூக்கள்’ வந்தபோது கல்லூரி விடுதிகளில் அதைக் கைப்பிரதி எடுத்துப் படித்தவர்கள் இன்றும் நம் கழக மேடைகளில் இருக்கிறார்கள்; கேட்டுப் பாருங்கள்.

இன்னொருவர் வைரமுத்து. வைகை அணை கட்டியபோது நீருக்குள் போன மேட்டூரில் பிறந்து, வடுகபட்டியில் வளர்ந்தவர். 1972-இல் அவரது முதல் தொகுதி ‘வைகறை மேகங்கள்’ மரபுக் கவிதைகள். 1979-இல் வந்த ‘திருத்தி எழுதிய தீர்ப்புகள்’ புதுக்கவிதைகள். ஒரே கை! மரபு தெரியாததால் புதுமைக்கு வந்த கை அன்று. ‘எழுத்து’க் கவிஞர் சி. மணி யாப்பைப் பற்றித் தனி நூலே எழுதியவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விலங்கின் கனம் அறிந்தவன்தான் விலங்கை உடைக்கிறான்.

சின்னமனூர், போடி, பெரியகுளம், வடுகபட்டி. ஒரு பேருந்துச் சீட்டில் சுற்றி வந்துவிடலாம்! தமிழ்க் கவிதையின் யாப்பை உடைத்த கைகளில் இத்தனை கைகள் இந்த ஒரு பள்ளத்தாக்கின் கைகள். இந்த மண்ணில் உட்கார்ந்துகொண்டுதான் ஒரு பெண்ணைப் பார்த்து “உன் தளை எங்கே?” என்று கேட்டோம்!

முடியரசனுக்கு நாம் பட்ட கடன்

இங்கே அவசரப்பட்டுக் கைதட்ட வேண்டாம். அதே பெரியகுளம்தான் 1920-இல் முடியரசனையும் தந்தது. துரைராசு என்ற பெயரைத் தூய தமிழாக்கிக்கொண்டவர். பாவேந்தர் பாரதிதாசன் வழி வந்தவர். காரைக்குடியில் தமிழாசிரியராக இருந்தவர். சாதி மறுத்து மணந்தவர். மொழிப் போரையே பொருளாக்கிப் ‘பூங்கொடி’ என்று காப்பியம் செய்தவர். ஆயுள் முழுவதும் மரபுக் கவிதையை விட்டு விலகாதவர். அவரிடம் போய், “நீங்கள் பழைமைவாதி” என்று சொல்ல எந்தப் புதுக்கவிஞனுக்குத் துணிவு உண்டு? யாப்புக்குள் நின்றே சனாதனத்தின் முகத்தில் அறைந்தவர் அவர்!

ஆகவே யாப்பு பகையன்று. யாப்பு நமக்குச் செய்த ஒரு பெரும் உதவியையும் மறக்கக்கூடாது. எழுத்தறியாத மக்களுக்கு அது நினைவாக இருந்தது. எதுகையும் மோனையும் கயிறு. அந்தக் கயிற்றைப் பிடித்துத்தான் பாட்டு, வாயிலிருந்து வாய்க்கு ஏறிற்று. நம் பள்ளத்தாக்கில் நடவு நடுகிற பெண்ணின் தெம்மாங்குக்கும், பிள்ளையை ஆட்டுகிறவளின் தாலாட்டுக்கும், பிணத்தின் முன் மாரடிக்கிறவளின் ஒப்பாரிக்கும் அளவு உண்டு, சந்தம் உண்டு. யாரும் இலக்கணம் சொல்லித் தரவில்லை. காது சொல்லித் தந்தது. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959-இல் இருபத்தொன்பது வயதில் மறைந்தார். அவர் பாட்டை இன்றும் மூட்டை தூக்குகிறவன் பாடிக்கொண்டே தூக்குகிறான். புதுக்கவிதையை எத்தனை பேர் மனப்பாடமாகச் சொல்வார்கள்? இது புதுக்கவிதையாளர் விடை சொல்ல வேண்டிய கேள்வி. மழுப்பக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. கதவு திறந்தால் காற்றும் வரும், கொசுவும் வரும். ஒரு வாக்கியத்தை எடுத்து, நாலு துண்டாக வெட்டி, ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, கடைசியில் ஓர் ஆச்சரியக்குறி போட்டால் கவிதை என்றாகிவிட்டது. சுவரொட்டியில் பார்க்கிறோம், திருமண அழைப்பிதழில் பார்க்கிறோம். இதற்கு எளிய சோதனை ஒன்று சொல்கிறேன். துண்டுகளை மறுபடி ஒட்டிப் பாருங்கள். ஒட்டியபின் ஒன்றுமே குறையவில்லை என்றால், முதலிலேயே அங்கே கவிதை இல்லை. வெண்பாவுக்கும் இதே சோதனை உண்டு. எதுகையையும் மோனையையும் கழற்றிப் பாருங்கள். கழற்றியபின் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை என்றால், அங்கேயும் கவிதை இல்லை. கரும்பும் பானையும் மட்டுமே இருந்தன!

நம் மேடை எந்தப் பாவகை?

இப்போது நம் வீட்டுக்கு வருவோம்.

1943-இல் அண்ணா, ரா. பி. சேதுப்பிள்ளை அவர்களோடும் நாவலர் சோமசுந்தர பாரதியார் அவர்களோடும் இருவேறு மேடைகளில் நின்று கம்பராமாயணத்தைப் பற்றிச் சொற்போர் நடத்தினார். எதிரே இருந்தவர்கள் தமிழின் மலைகள். கம்பனின் சந்தம் அழகில்லை என்றா அண்ணா வாதாடினார்? இல்லை. அந்த அழகு தமிழனுக்கு எதைக் கொண்டுவந்து சேர்க்கிறது என்று கேட்டார். யாப்பழகை ஒப்புக்கொண்டு பொருளைக் கேள்வி கேட்டது நம் இயக்கம். கம்பனிடம் யாப்பைப் பார்க்காமல் பொருளைப் பார்த்தவர்கள், ஏலத் தோட்டத்துப் பெண்ணிடம் பொருளைப் பார்க்காமல் யாப்பைப் பார்த்தோம். இது எந்த ஊர் நியாயம்?

1935-இல் பெரியார் தமிழ் எழுத்தையே சீர்திருத்தினார். ணை, லை, னை, றா, னா என்று இன்று நாம் எழுதுகிற வடிவம் அவர் முன்வைத்த வடிவம். “தமிழ் அழிந்தது” என்று அலறினார்கள் பண்டிதர்கள். ‘குடி அரசு’ம் ‘விடுதலை’யும் அந்த எழுத்திலேயே வந்தன. 1978-இல் தமிழ்நாடு அரசு ஆணையிட்டது. இன்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாரும் எழுதுவது அந்த எழுத்தில்தான். தமிழ் அழிந்துவிட்டதா? எழுத்து முதல் தொடை வரை ஆறு உறுப்புக்கள் என்றேனே, அந்த ஆறில் முதலாவதான எழுத்தின் வடிவையே மாற்றத் துணிந்த இயக்கம், நாலாவதான தளை தட்டியதும் நடுங்குவானேன்?

நம் மேடைப் பேச்சையே எடுத்துக்கொள்ளுங்கள். அடுக்குமொழி என்று உலகம் சொல்லிற்றே, அது எந்தப் பாவகை? வெண்பாவா? கலிப்பாவா? எதுகை இருந்தது, மோனை இருந்தது, தளை இல்லை! தெருமுனைக் கூட்டத்தில் இரவு பதினொரு மணிக்கு, பசியோடு நின்ற தொழிலாளி அசையாமல் நின்று கேட்டானே, எந்த இலக்கணம் அவனை நிறுத்தி வைத்தது? 1969 பிப்ரவரியில் அண்ணா மறைந்தார். கலைஞர் தம் குரலிலேயே படித்த இரங்கற் கவிதையை வானொலியில் கேட்டுத் தமிழ்நாடு விம்மி அழுதது. அழுதவர்களில் ஒருவராவது, “இது என்ன பா?” என்று கேட்டுவிட்டா அழுதார்?

உண்மையைச் சொல்கிறேன். புதுக்கவிதையை எள்ளிய நம் மேடை, தானே அறியாமல் அதன் அண்ணனாக இருந்தது. தம்பியை வாசலில் நிறுத்திவிட்டு, அண்ணன் உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்!

ஆறு எந்தப் பக்கம் ஓடினாலும்...

நம் பள்ளத்தாக்குக்காரனுக்கு ஓர் உவமை போதும். பெரியாறு மேற்கே ஓடிக் கடலில் விழுந்துகொண்டிருந்தது. அதுதான் அதன் மரபு! 1895-இல் அணை கட்டி முடித்து, மலையைக் குடைந்து, அந்த நீரைக் கிழக்கே திருப்பினார் பென்னிகுக். ஆறு தன் மரபை மீறிற்று. கம்பத்தில் நெல் விளைந்தது. கூடலூரில், சின்னமனூரில் நெல் விளைந்தது. நீர் அதே நீர்தான், பாதைதான் வேறு. அதே நேரத்தில், அணையும் சுரங்கமும் மதகும் இல்லாமல் நீர் தானாக வந்துவிடவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். பழைய கரையை விட்ட நீருக்கு ஒரு புதிய கரை வேண்டும். கரையே வேண்டாம் என்றால் அது பாசனமல்ல, வெள்ளம். புதுக்கவிதை எழுத வருகிற இளைஞர்கள் இதைக் கேட்டுக்கொள்ளட்டும். யாப்பை விட்டீர்களா, நல்லது. யாப்பு செய்த வேலையை இனி நீங்களே செய்தாக வேண்டும். ஒவ்வொரு சொல்லும் ஏன் அங்கே நிற்கிறது என்று கேட்டால் விடை சொல்லத் தெரிய வேண்டும். வெண்பாக்காரனுக்குத் தளை விடை சொல்லும். உங்களுக்கு நீங்கள்தான் விடை.

1998 டிசம்பர் 3 அன்று முடியரசன் மறைந்தார். அதே டிசம்பர் 18 அன்று செல்லப்பா மறைந்தார். யாப்பைக் காத்தவரும் யாப்பை உடைத்த ஏட்டை நடத்தியவரும் பதினைந்து நாள் இடைவெளியில் போய்விட்டார்கள். இருவரும் செல்வம் சேர்க்கவில்லை. இருவரும் தாம் கொண்டதை விற்கவில்லை. இருவர் வழக்கும் நம்மிடம் வந்திருக்கிறது. தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. நடுவராக உட்கார்ந்த ஒரே ஒரு நாளில் நான் சொன்ன தீர்ப்பின் இலட்சணத்தைத்தான் மேலே படித்தீர்களே!

ஆனால் ஒன்று கேட்கிறேன். தமிழ்நாடெங்கும் நம் படிப்பகங்களில் பொங்கலுக்கும் பிறந்த நாளுக்கும் போட்டி வைக்கிறோம். இனி, யாப்பில் எழுதியவருக்கு ஒரு பரிசு, யாப்பில்லாமல் எழுதியவருக்கு ஒரு பரிசு என்று வையுங்கள். நடுவர் வரிசையில் ஒரு புலவரை உட்கார வையுங்கள். பக்கத்தில் ஒரு தோட்டத் தொழிலாளியையும் உட்கார வையுங்கள். தளை தட்டினால் புலவர் சொல்லட்டும். பொய் தட்டினால் தொழிலாளி சொல்லட்டும்!

இனி, தங்கச்சி, உனக்கு.

எங்கே தப்பு என்று கேட்டாய். தளையில் தப்பில்லை. நீ தளையோடு எழுதவே இல்லை. இல்லாத கதவில் நாங்கள் பூட்டுத் தேடினோம். பிள்ளை தூங்குவதைச் சொன்னாய், ஜீப்பின் விளக்கு வீட்டுச் சுவரில் பட்டு நகர்வதைச் சொன்னாய். அங்கே ஒரு சொல்லைக்கூட எடுக்க முடியாது. அந்த இடத்தில்தான் படிப்பகம் மூச்சடக்கி நின்றது.

ஆனாலும் ஒரு தப்பு இருக்கிறது. கடைசி மூன்று வரி. “எழுவோம், உடைப்போம், வெல்வோம்” என்கிற மாதிரி முடித்திருந்தாய். அது உன்னுடையதன்று. நம் படிப்பகத்தில் படிப்பதென்றால் இப்படி முடிக்க வேண்டும் என்று நினைத்துச் சேர்த்திருக்கிறாய். எங்களிடம் கற்றதுதான் அது. மேடையில் நாங்கள் ஆயிரம் முறை சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன காசை, உன் சொந்தக் காசோடு சேர்த்துக் கொடுத்துவிட்டாய். அந்த மூன்று வரியை அடித்துவிடு. பிள்ளை உன்னை என்ன முறை சொல்லிக் கூப்பிடும் என்று கேட்டாயே, அந்தக் கேள்வியோடு நிறுத்து. விடை சொல்ல வேண்டியது நாங்கள்.

தாளை இன்னும் வைத்திருந்தால் படிப்பகத்துக்குக் கொண்டு வா, தங்கச்சி. வரும் ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இருப்பேன். பிள்ளையையும் கூட்டி வா.